ஜாஸ் ஆல்பங்கள்: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்க ஆசை. எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் யோசிக்காமல் இதையே சொல்வேன். 1959-இல் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் பதிவானது. இடம், நியூயார்க்கில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இயங்கிவந்த கொலம்பியா ஸ்டுடியோ. ஐந்து பாட்டு, ஏறக்குறைய முக்கால் மணி நேரம். வேகம் மிதமானது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழும். புதிதாகக் கேட்பவருக்கு அது பெரிய உதவி.

வரலாற்று வரிசைப்படி, 1917-இல் வந்த முதல் ஜாஸ் இசைத்தட்டிலிருந்து கிளம்ப வேண்டாம். அப்படிக் கிளம்பியவர்கள் பாதி வழியில் அலுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் நுழைந்து, பிடித்த பக்கம் முன்னும் பின்னும் போவதுதான் நல்லது. முதல் ஒரு மாதம் இந்த ஒரே ஆல்பம் போதும்.

கேட்டேன், இனிமையாக இருக்கிறது. ஆனால் எதைக் கவனிப்பது என்று பிடிபடவில்லை.

முதல் பாட்டு 'ஸோ வாட்'டை எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் பியானோவும் பேஸும் (ஆழ்ந்த சுரம் தரும் பெரிய தந்தி வாத்தியம்) தாளக்கட்டு இல்லாமல் மெதுவாகத் துழாவும். அப்புறம் தாளம் விழும். பால் சேம்பர்ஸ் டபுள் பேஸில் ஒரு வரி வாசிப்பார். பில் எவன்ஸ் பியானோவில் இரண்டே தட்டலில் அதற்குப் பதில் சொல்வார். சற்றுப் பொறுத்தால் அந்த இரண்டு தட்டலை ட்ரம்பெட்டும் இரண்டு சாக்ஸபோன்களும் எடுத்துக்கொள்ளும். மெட்டு என்று இருப்பது இவ்வளவுதான்.

இந்த மெட்டின் நீளம் 32 பார். ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை. எட்டு எட்டு பாராக நாலு துண்டு: முதல் இரண்டும் ஒரே மாதிரி, மூன்றாவதில் எல்லாம் அப்படியே அரைச்சுருதி மேலே ஏறும், நாலாவதில் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். மெட்டு முடிந்து மைல்ஸ் தன் சோலோவை, அதாவது அந்த நேரக் கற்பனையில் தனியாக வாசிக்கும் பகுதியை, தொடங்கும் இடத்தில் டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அடி அடிப்பார். மைல்ஸ் வாசிக்கத் தொடங்கிய பிறகும் அதன் அதிர்வு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள்.

சோலோ நடக்கும்போதும் அந்த 32 பார் நிற்காமல் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அரைச்சுருதி ஏறும் இடம் ஒருதடவை காதில் தட்டிவிட்டால், அதற்குப் பிறகு எந்த ஜாஸ் பாட்டிலும் 'இப்போது எங்கே இருக்கிறோம்' என்று தேடும் பழக்கம் தானாக வந்துவிடும். மைல்ஸ் சுரங்களைச் சிக்கனமாகச் செலவழித்து நிறைய இடைவெளி விடுவார். அடுத்து வரும் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் அதே இடத்தில் அடுக்கடுக்காகக் கொட்டுவார். இன்னொரு சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லியிடம், ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையின் குழைவும் உற்சாகமும் இருக்கும். கடைசியில் எவன்ஸ் வாசிக்கும்போது, ஆரம்பத்தில் கேட்ட அந்த இரண்டு தட்டல் ஊது வாத்தியங்களில் பின்னணியாகத் திரும்ப வரும். ஒரே அளவு இடத்தில் நாலு மனிதர்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்று கவனிப்பதே ஜாஸ் கேட்பதில் முக்கால்வாசி.

நம் கச்சேரியில் வரும் மனோதர்மமும் இதுவும் ஒன்றுதானா?

கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு ஜாஸ் சோலோ அந்நியமாக இருக்காது. அங்கே தாள ஆவர்த்தனம் சுற்றுவதுபோல இங்கே மெட்டின் நீளம் சுற்றுகிறது. பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ராகம் மாறாமல் நிற்கும். ஆனால் பெரும்பாலான ஜாஸ் மெட்டுகளில் அடியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) பாருக்குப் பார் மாறிக்கொண்டே இருக்கும், வாசிப்பவர் அந்த மாற்றத்துக்குத் தக்கபடி ஓட வேண்டும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் அந்த ஓட்டத்தை மைல்ஸ் வேண்டுமென்றே குறைத்தார். ஒரே சுர வரிசையில் பல பார்கள் தங்க இடம் கொடுத்தார். கர்நாடக இசை கேட்கிறவர்களை இந்த ஆல்பம் சட்டென்று பிடித்துக்கொள்வதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து எது? நூறு சிறந்த ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் தரக்கூடாதா?

பட்டியலைவிட நல்ல வழிகாட்டி ஆல்பத்தின் அட்டையிலேயே இருக்கிறது. யார் யார் வாசித்தார்கள் என்ற பெயர்களைப் படியுங்கள். ஜாஸில் ஒரு குழுவில் வாசித்தவர் அடுத்த மாதமே தன் பெயரில் ஆல்பம் போடுவார், அதற்கடுத்த மாதம் இன்னொருவர் ஆல்பத்தில் துணைக்கு வாசிப்பார். பிடித்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் பியானோ பிடித்திருந்தால், பில் எவன்ஸ் மூவர் குழுவின் 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' இரண்டையும் கேளுங்கள். கேனன்பால் பிடித்திருந்தால் 1958-இல் வந்த அவருடைய 'சம்திங் எல்ஸ்'. அதில் மைல்ஸ் துணைக்கு வாசிக்கிறார்! கோல்ட்ரேன் பிடித்திருந்தால் 'ப்ளூ டிரெய்ன்', 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்'. இரண்டிலும் பேஸ் வாசிப்பவர் அதே பால் சேம்பர்ஸ்தான்.

கோல்ட்ரேன் 1957-இல் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் குழுவில் வாசித்தவர். அவர்கள் சேர்ந்து கார்னகி ஹாலில் வாசித்ததன் பதிவு நாடாக்கள் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2005-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஆல்பமாகவும் வந்தது. ஒலி பளிச்சென்று இருக்கும். மங்க் வாசிப்பு முதலில் தடுக்கி விழுவதுபோலத் தோன்றும், அதனால் அவருடைய சொந்த ஆல்பங்களைவிட இதை முதலில் கேட்கச் சொல்வேன். கோல்ட்ரேனின் சரளம் பக்கத்தில் இருப்பதால் மங்க் விடும் இடைவெளிகளின் நேர்த்தி நன்றாகத் தெரியும். அதன்பின் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' கேளுங்கள்.

1959-ஐப் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஒரே ஆண்டில் நாலு திசையில் நாலு கதவு திறந்தது. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஒன்று. டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' இன்னொன்று. ஜாஸ் என்றாலே நாலு எண்ணிக்கை என்றிருந்த காலத்தில், அதில் 'டேக் ஃபைவ்' ஐந்தில் ஓடுகிறது. 'ப்ளூ ரோண்டோ' ஒன்பதை 2, 2, 2, 3 என்று பிரிக்கிறது. அந்தக் கணக்கை இஸ்தான்புல் தெருவில் கேட்டதாக புரூபெக் சொல்லியிருக்கிறார். அது 1958-இல் அமெரிக்க அரசு அனுப்பிய பயணத்தில் நடந்தது. அதே பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார், மெட்ராஸிலும் வாசித்தார். 'கால்கட்டா ப்ளூஸ்' என்ற அவருடைய பாட்டு அந்தப் பயணத்தின் விளைவு.

மூன்றாவது சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்'. கோபம், பக்தி, துக்கம், கும்மாளம் எல்லாம் ஒரே ஆல்பத்தில். அந்த மார்ச்சில் இறந்துபோன சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்குக்காக எழுதிய 'குட்பை போர்க் பை ஹேட்' அதில்தான் இருக்கிறது. கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதைத் தடுக்கப் படையை நிறுத்திய ஆர்கன்சா ஆளுநர் ஃபாபஸைச் சாடும் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' இருப்பதும் அதில்தான். அந்த நாலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் என் கை இதைத்தான் எடுக்கும். நாலாவது, ஆர்னெட் கோல்மனின் 'த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்'. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

1920, 30-களின் பதிவுகளில் ஒரே இரைச்சல். அவசியம் கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும், ஆனால் முதலில் வேண்டாம். அப்போதைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம். நீண்ட இசைத்தட்டு 1948-இல்தான் வந்தது. ஆகவே இந்தக் காலத்துக்கு 'ஆல்பம்' என்று நாம் வாங்குவதெல்லாம் பின்னால் தொகுத்தவை. ஒரு உட்காரலில் முழுத் தொகுப்பையும் ஓட்டாமல், இரண்டு மூன்று பாட்டோடு நிறுத்திக்கொண்டால் அலுப்பு வராது.

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் என்ற குழுக்களின் தொகுப்பை வாங்கி, 1928-இல் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' ஒன்றை மட்டும் போடுங்கள். துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் ட்ரம்பெட் தனியாக ஏறி இறங்கும் அந்தத் தொடக்கம் சில நொடிதான். நடுவில் ஆம்ஸ்ட்ராங் சொல் இல்லாமல், கிளாரினெட்டுக்குப் பதில் கொடுப்பதுபோல மெல்ல முனகுவார். பிறகு எர்ல் ஹைன்ஸின் பியானோ. கடைசிச் சுற்றில் ட்ரம்பெட் ஒரே உச்ச சுரத்தைப் பிடித்து ஏறக்குறைய நாலு பார் விடாமல் நிற்கும். அந்த சுரம் நிற்கும்போது இரைச்சல் காதில் விழாது. தனி ஒருவரின் சோலோ ஜாஸின் மையத்துக்கு வந்தது இப்படிப்பட்ட பதிவுகளால்தான்.

பீபாப் என்ற ஜாஸ் பாணியின் வேகம் தலைசுற்ற வைக்கிறதே?

அதன் பிறப்பே முழுதாகப் பதிவாகவில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டில் ஒலிப்பதிவை நிறுத்திவைத்தது. பெரிய கம்பெனிகள் சில 1944 நவம்பர் வரை சங்கத்தோடு உடன்படவில்லை. அந்தச் சமயத்தில்தான் சார்லி பார்க்கரும் டிஸி கில்லஸ்பியும் நியூயார்க் கிளப்புகளில் புது மொழி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் 1945-இல் பதிவான பார்க்கரின் 'கோ-கோ' வந்தபோது பலருக்கு அது வானத்திலிருந்து விழுந்ததுபோல இருந்திருக்கும்.

ஆல்பமாகக் கேட்க 'ஜாஸ் அட் மாஸி ஹால்' எடுங்கள். 1953 மே 15, டொராண்டோ. பார்க்கர், கில்லஸ்பி, பட் பவல், மிங்கஸ், மேக்ஸ் ரோச் என்று ஐந்து ஜாம்பவான்கள் ஒரே மேடையில். அன்றிரவே ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டப் போட்டி இருந்ததால் அரங்கம் நிரம்பவில்லை. பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன். ஒப்பந்தச் சிக்கலால் அட்டையில் அவர் பெயர் 'சார்லி சான்' என்று போனது. வேகத்தைத் துரத்தாமல், ரோச்சின் சிம்பலை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். இரண்டாவது மூன்றாவது தடவையில் மற்றவை தானாக அதன்மேல் வந்து உட்காரும்.

பெரிய குழுக்கள்?

டியூக் எலிங்டனின் 'எலிங்டன் அட் நியூபோர்ட்', 1956. ஒரு ப்ளூஸ் பாட்டின் நடுவில் டெனர் சாக்ஸபோன்காரர் பால் கொன்சால்வஸ் 27 சுற்று விடாமல் வாசிக்க, கூட்டம் எழுந்து ஆடிவிட்டது. 1999-இல் வந்த முழுப் பதிப்பை வாங்குங்கள். 1956-இல் வெளியான தட்டில் பெரும்பகுதி ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டல் சேர்த்தது. அப்புறம் எலிங்டனின் 1940–42 பதிவுகள், கவுண்ட் பேஸியின் 'தி அட்டாமிக் மிஸ்டர் பேஸி'.

பாட்டுக் குரல் வேண்டும்.

'எல்லா அண்ட் லூயி', 1956. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் கண்ணாடிக் குரலும் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்பும். வீட்டில் யாருக்கும் ஜாஸ் பிடிக்காவிட்டாலும் இதை யாரும் நிறுத்தச் சொல்லமாட்டார்கள். பாடகி சாரா வான், ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனோடு சேர்ந்து 1954-இல் பதிந்த ஆல்பமும் அருமை. பில்லி ஹாலிடேக்கு 1930-களின் பதிவுகளில் தொடங்குங்கள். 'லேடி இன் சாட்டின்' 1958-இல், குரல் தேய்ந்துபோன பிறகு பாடியது. அவர் இளமைக் குரலைக் கேட்டுவிட்டு அதற்கு வந்தால்தான் அது முழுதாகப் புரியும்.

ஸ்டுடியோ ஆல்பம் நல்லதா, நேரடிப் பதிவா?

இரண்டும் வேண்டும். மேலே சொன்ன பில் எவன்ஸ் ஆல்பங்கள் இரண்டும் 1961 ஜூன் 25 அன்று, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை கிளப்பில், ஒரே நாளில் பதிவானவை. கிளாஸ் உரசும் சத்தமும் யாரோ பேசிச் சிரிப்பதும் கேட்கும். எவன்ஸுக்கு அடியில் துணையாக நிற்காமல் கூடவே பாடுவதுபோல பேஸ் வாசிக்கிறார் ஸ்காட் லஃபாரோ. பதினோரு நாள் கழித்து அவர் கார் விபத்தில் இறந்தார், வயது 25. அந்த மூவர் வாசிப்பதை எவ்வளவு கேட்டாலும் எனக்கு ஆறாது.

'ஃப்ரீ ஜாஸ்' வெறும் சத்தமாகத்தான் கேட்கிறது.

சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனின் 'த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' ஆல்பத்தில் உள்ள 'லோன்லி உமன்' கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். டிரம்ஸ் வேகமாக ஓடுகிறது. அதற்கு மேலே சாக்ஸபோனும் ட்ரம்பெட் போன்ற கார்னெட்டும் அந்த வேகத்தைக் கண்டுகொள்ளாமல் ஓர் ஒப்பாரியை இழுத்து இழுத்து வாசிக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் சார்லி ஹேடனின் பேஸ். பியானோ கிடையாது, கார்டு போட்டுக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. மெட்டு மட்டும் அவ்வளவு தெளிவாக இருக்கிறது, குழந்தைகூட முணுமுணுக்கும்.

அடுத்தது கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9, நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டர் ஸ்டுடியோவில் பதிவு. நாலு பாகம். முதல் பாகத்தில் பேஸ் தொடங்கிவைக்கும் நாலு சுரத் துணுக்கைக் கோல்ட்ரேன் பிற்பாடு வெவ்வேறு சுருதிகளில் மாற்றி மாற்றி வாசிப்பார், பிறகு அதே துணுக்கைக் குரலால் ஜபம்போலச் சொல்வார். நாலாவது பாகத்துக்கு ஒரு ரகசியம் உண்டு. அட்டையில் அவர் எழுதிய பிரார்த்தனைக் கவிதை அச்சாகியிருக்கும். அதன் சொற்களை அசை பிசகாமல் சாக்ஸபோனில் வாசிக்கிறார். கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே படித்துப் பாருங்கள். மயிர்க்கூச்செறியும்.

எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லன்ச்', கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' எல்லாம் இதற்குப் பிறகு. அப்போதும் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

மின்சார வாத்தியங்கள் வந்த காலம்?

'இன் எ சைலன்ட் வே', 1969. மறுபடியும் மைல்ஸ். மூன்று கீபோர்டு, ஒரு கிட்டார், கூச்சலே இல்லை. வாசித்ததைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவில் வெட்டி ஒட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஆரம்பப் பகுதியே முடிவில் திரும்ப வருவது அதனால்தான். 'பிட்சஸ் ப்ரூ' இதைவிட அடர்த்தியானது, அதை இதற்கு அடுத்து வையுங்கள். ஆடத் தோன்றினால் ஹெர்பி ஹேன்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்', 1973.

நம் இசையோடு சேர்ந்த ஜாஸ் உண்டா?

உண்டு, அட்டைப் பெயர்களைத் தொடர்ந்தாலே வந்து சேர்ந்துவிடலாம். கேனன்பால் ஆடர்லி குழுவின் பியானோக்காரர் ஜோ ஸாவினுல். 'இன் எ சைலன்ட் வே'யில் அவரும் இருக்கிறார், கிட்டாரில் ஜான் மெக்லாஃப்லின் இருக்கிறார். சில ஆண்டுகளில் அதே மெக்லாஃப்லின் 'சக்தி' குழுவைத் தொடங்கினார். இளமையில் இலங்கையில் வளர்ந்த எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். 1975-இல் நேரடியாகப் பதிவான முதல் ஆல்பத்தில் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் உண்டு. பாய்ச்சலான வாசிப்பு. ஆனாலும் அடுத்து வந்த 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ப்யூட்டி'தான் எனக்கு ஒருபடி மேல். அதில் கடத்துக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. 2023-இல் சக்தி வெளியிட்ட 'திஸ் மொமன்ட்' கிராமி வாங்கியது. அதில் விக்குவின் மகன் செல்வகணேஷ் வாசிக்கிறார்.

இன்னொரு பாதை கோல்ட்ரேன் வீட்டு வழியே வருகிறது. அவர் 1967-இல் இறந்த பிறகு மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் சுவாமி சச்சிதானந்தரிடம் ஆறுதல் தேடினார். சுவாமி கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். அவர் பெயரைத் தாங்கி 1971-இல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வில் தம்பூரா ரீங்காரம், பேஸில் ஒரே வட்டமாகச் சுற்றும் வரி, அதன்மேல் ஆலிஸின் ஹார்ப், ஃபேரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன். இரவில் கேட்க வேண்டிய ஆல்பம்.

'டூயட்' படத்தில் நாம் கேட்ட சாக்ஸபோனின் சொந்தக்காரர் கத்ரி கோபால்நாத். அவரோடு அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா சேர்ந்து 2008-இல் போட்ட 'கின்ஸ்மென்' இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரியும் அதில் உண்டு. இரண்டு சாக்ஸபோன்களும் ஒரே வாத்தியமா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கமகம் வேறு, சுரங்களை நாக்கால் வெட்டும் விதம் வேறு.

எந்தப் பதிப்பை வாங்குவது? மாற்று டேக்குகள் (அதே பாட்டை மறுபடி வாசித்த பதிவுகள்) கேட்க வேண்டுமா?

'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்றால் 1992-க்குப் பிறகு வந்த பதிப்பு. முதல் நாள் பதிவின்போது மெஷின் சற்று மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் பக்கத்து மூன்று பாட்டுகளும் பல்லாண்டு காலம் கொஞ்சம் ஏறிய சுருதியில் விற்றன. 1992-இல்தான் திருத்தினார்கள். மற்றபடி முதலில் வெளியான வரிசையில் கேளுங்கள். ஒரே பாட்டை அடுத்தடுத்து மூன்று டேக்காக அடுக்கிய சிடி, ஆல்பத்தின் ஓட்டத்தைக் குலைத்துவிடும். மாற்று டேக்குகளைப் பிற்பாடு தனியாகக் கேட்கலாம்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பதில் தப்பில்லை. வாசித்தவர்கள் பெயர் அங்கே பெரும்பாலும் ஒளிந்திருக்கும், தேடி எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது யார் நன்றாக வாசிக்கிறார்கள்?

நிறையப் பேர். கமாசி வாஷிங்டனின் 'தி எபிக்' 2015-இல் வந்தது. மூன்று தட்டு, ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். 2022-இல் மறைந்த ஃபேரோ சாண்டர்ஸ் எண்பது வயதில் வெளியிட்ட 'பிராமிசஸ்' அவசியம் கேட்க வேண்டியது.

பியானோவில் விஜய் ஐயர், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன். 2009-இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி'யில் தொடங்குங்கள். தாளம் நழுவுகிற மாதிரி நழுவும், ஆனால் கணக்கு பிசகாது. அதில் டிரம்ஸ் வாசிக்கும் மார்கஸ் கில்மோர், பார்க்கரோடு வாசித்த ராய் ஹெய்ன்ஸின் பேரன். கிட்டார் பிரசன்னாவோடும் தபலா நிதின் மிட்டாவோடும் ஐயர் செய்த 'தீர்த்தா' 2011-இல் வந்தது. 2021-இல் 'அன்ஈஸி', 2024-இல் 'கம்பேஷன்'. கடைசி இரண்டிலும் பேஸ் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸ் டைஷான் சோரி. இருவருக்கும் சொந்த ஆல்பங்கள் உண்டு.